மாறிப்போன பிளாஸ்க்

முதல் மடக்கிலேயே தெரிந்துவிட்டது. இது அவளுடைய டீ இல்லை.

மருமகள் பிளாஸ்க் மூடியைக் கீழே வைத்தாள். எதிரே அரவைச் சக்கரம் ஓடிக்கொண்டிருந்தது. மேலிருந்து தண்ணீர் சொட்ட, யாரோ ஒருவருடைய இடது கண்ணுக்கான லென்ஸ் அதில் உரசிக் கொஞ்சம் கொஞ்சமாக வடிவத்துக்கு வந்துகொண்டிருந்தது.

பால் இல்லாத டீ. கறுப்பு. நாக்கைப் பிடிக்கும் துவர்ப்பு. துவர்ப்புக்குப் பின்னால் இனிப்பு. தாராளமான இனிப்பு.

"என்னம்மா, மூஞ்சி அஷ்டகோணலா போகுது? டீல பல்லி விழுந்துடுச்சா?"

கேட்டவர் பிரேம்காரர். அவள் அரைத்துக் கொடுக்கும் லென்ஸ்களை பிரேமில் பொருத்துகிறவர். ஆற்றுக்கு அந்தப் பக்கத்து ஆள்.

"மாமியாரோட டீ. பிளாஸ்க் மாறிப்போச்சு."

"அட, கொண்டாங்க இப்படி." தன் டம்ளரில் ஊற்றிக் குடித்தார். கண்ணை மூடிக்கொண்டார். "இதுக்குப் பேருதான் டீ. நீங்க இந்தப் பக்கத்துக்காரங்க குடிக்கறது சாயம் போன பாலு."

"உங்க டீயில ஆணியைப் போட்டா ஆணி கரையும்."

"கரையட்டுமே. குடிக்கறவன் கரையலையே."

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. சக்கரத்தில் ஒரு கீச்சொலி கேட்டது. லென்ஸின் ஓரம் தெறித்துவிட்டது. இயந்திரத்தை நிறுத்தினாள்.

அந்த வீட்டில் காலையில் இரண்டு பாத்திரங்களில் டீ கொதிக்கும். ஒன்று ஆற்றுக்கு அந்தப் பக்கத்து டீ. மாமியார் போடுவது, அவளும் மாமனாரும் குடிப்பது. இன்னொன்று இந்தப் பக்கத்து டீ. பாலிலேயே தூளைப் போட்டுக் காய்ச்சுவது. மருமகள் போடுவாள். கல்யாணமான மறு வாரமே கணவன் இந்தப் பாத்திரத்துக்கு மாறிவிட்டான். "என்னை விட்டுட்டுப் போயிருந்தாக்கூடத் தாங்கியிருப்பேன், என் டீயை விட்டுட்டானே" என்று மாமியார் இன்றைக்கும் சொல்லிக்காட்டுவாள். ஒருவர் டீயை மற்றவர் தொடுவதில்லை. சண்டை ஒன்றுமில்லை. பழக்கம்.

உப்பும் அப்படித்தான். மாமியாருக்குக் கல் உப்பு, மருமகளுக்குப் பொடி உப்பு. அங்கே காரத்துக்கு மிளகாய், இங்கே மிளகு. "ஆறு வேற எங்கயும் ஓடலை, நம்ம சாப்பாட்டு மேசைக்கு நடுவுலதான் ஓடுது" என்று மாமனார் சிரிப்பார்.

அவர் சிரித்து நாளாயிற்று. இப்போது ஆஸ்பத்திரியில் படுத்திருந்தார்.

அவருக்குச் சர்க்கரை வியாதி; கால் பெருவிரலில் புண் வந்து, அந்த விரலையே எடுத்துவிட்டார்கள். விரல் போன பிறகும் ரத்தத்தில் சர்க்கரை இறங்கவில்லை. "வீட்டுல யாரோ இவருக்குக் கள்ளத்தனமா குடுக்கறாங்க" என்று டாக்டர் சொல்லிவிட்டார். சென்ற வாரம், குப்பைக் கூடையில் கிடந்த பிஸ்கட் உறையை எடுத்துக் கணவன் மருமகளின் முகத்துக்கு நேரே ஆட்டினான். அது அவள் தின்ற பிஸ்கட். வேலை விட்டு வந்த பசியில் நின்றபடியே தின்றது. சொன்னாள். அவன் நம்பவில்லை. அன்றிலிருந்து அவளிடம் தேவைக்கு மேல் ஒரு வார்த்தை பேசுவதில்லை.

இப்போது அந்த யாரோ யாரென்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. பிளாஸ்க் கையில் இருந்தது.

போன் அடித்தது. கணவன்.

"நாளைக்குன்னு சொன்ன ஆபரேஷனை இன்னைக்கே பண்றாங்களாம். விஷம் மேல ஏறுதாம்."

"கால்..."

"முழங்காலுக்குக் கீழ." "வர்றதுன்னா வா."

வைத்துவிட்டான். பிரேம்காரர் தெறித்த லென்ஸை எடுத்துத் தன் பக்கம் வைத்துக்கொண்டார். "இதை நான் பார்த்துக்கறேன். நீங்க கிளம்புங்க."

பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தது. பிளாஸ்கை மடியில் வைத்துக்கொண்டாள். உள்ளே டீ தளும்புவது தொடையில் தெரிந்தது. சொல்ல வேண்டியதை வரிசைப்படுத்திக்கொண்டே போனாள். உங்க பிள்ளை என்னைத் திருடியாக்கிட்டார் அத்தை. நீங்க பார்த்துக்கிட்டு நின்னீங்க. இந்தாங்க, இதை அவர் முன்னால குடிச்சுக் காட்டுங்க. நல்ல வார்த்தைகளாகவே அமைந்தன. இறங்க வேண்டிய நிறுத்தம் வந்தபோது ஒன்றுகூட மிச்சம் வைக்காமல் சொல்லிவிடுவதென்று முடிவு செய்திருந்தாள்.

மாமியார் வார்டுக்கு வெளியே பெஞ்சில் இருந்தாள். பக்கத்தில் மருமகளின் பிளாஸ்க். திறக்கவே இல்லை.

"வந்துட்டியா. காலையில இருந்து பச்சைத் தண்ணி குடுக்கக்கூடாதுன்னுட்டாங்க. வாய் வறண்டு கிடக்கறார் மனுஷன்."

"பிளாஸ்க் மாறிப்போச்சு அத்தை."

"அப்படியா? பதட்டத்துல எதைத் தூக்கினேனோ." அவள் முகம் லேசாக மலர்ந்தது. "அப்ப என் டீயை நீயா குடிச்ச? எத்தனை வருஷம் கழிச்சு! துப்பிட்டியா?"

"இனிக்குது."

"உம்?"

"டீ இனிக்குது அத்தை. சர்க்கரை போட்டிருக்கீங்க."

"சர்க்கரையா!" மாமியார் நெஞ்சில் கை வைத்தாள். "வீட்டுல சர்க்கரை ஏதுடி? நீ வந்து சொன்ன அன்னைக்கே டப்பாவோட கவுத்துக் கொட்டினேனே. நீயும்தானே பார்த்த? அதுக்கப்புறம் ஒரு கட்டி அந்த வீட்டு வாசப்படி ஏறியிருக்குமா?"

"அப்புறம் எப்படி இனிக்குது?"

"இது என்ன கேள்வி? சீனி போட்டா இனிக்காம கசக்குமா?"

மருமகள் வாயைத் திறந்தாள்.

பஸ்ஸில் கோத்து வைத்த வார்த்தைகள் ஒன்றுகூட இல்லை.

கல்யாணமான புதிதில் ஒரு நாள், "அத்தை, சர்க்கரை எங்க இருக்கு?" என்று கேட்டாள். மாமியார் எடுத்துக் கொடுத்த டப்பாவில் பழுப்புப் பொடி இருந்தது. கட்டியாகக் காய்ச்சி உடைத்தது. போட்டதும் பால் திரிந்துபோயிற்று. வீடே சிரித்தது. ஆற்றுக்கு அந்தப் பக்கம் அதுதான் சர்க்கரை. வெள்ளையாக இருப்பது சீனி. அன்றைக்கு மாறிக்கொண்டாள். அதன்பிறகு அந்த வீட்டில் அவளும் வெள்ளையைச் சீனி என்றுதான் சொன்னாள். சொல்லிச் சொல்லி வாய்க்குப் பழகிவிட்டது.

ஒரே ஒரு நாள் தவிர. டாக்டரைப் பார்த்துவிட்டு வந்த அன்று, அவர் சொன்னதை மாற்றாமல் அப்படியே ஒப்பித்தாள். "சர்க்கரையை அடியோட நிறுத்தணும் அத்தை. தொடவே கூடாது." டாக்டர் இந்தப் பக்கத்துக்காரர்.

மாமியார் தொடவில்லை.

"எதுக்கு இப்படி வெறிச்சுப் பார்க்கற?" என்றாள் மாமியார். "வியாதிக்குப் பேரே சர்க்கரை. அது தெரிஞ்சும் குடுப்பேனா? அவரும் பாவம், சோறு குறைஞ்சது, பழம் நின்னுபோச்சு, எல்லாத்தையும் உப்புச் சப்பில்லாம தின்னுக்கிட்டிருக்கார். அந்த டீ ஒண்ணைத்தான் முகத்துல உயிரோட குடிக்கறார். போ, போய்ப் பார்த்துட்டு வா. ஒருத்தர் ஒருத்தரா விடறாங்க."

மாமனார் மல்லாந்து படுத்திருந்தார். துறைமுகத்தில் கிரேன் ஓட்டினவர். மேலேயே உட்கார்ந்து பழகியவர், யாரையும் நிமிர்ந்து பார்த்துப் பேசத் தெரியாது என்று மாமியார் கேலி செய்வாள். இப்போது எல்லாரையும் நிமிர்ந்துதான் பார்க்க வேண்டியிருந்தது.

வலது காலில் ஒரு நர்ஸ் பேனாவால் குறி போட்டுவிட்டுப் போயிருந்தாள்.

"மாமா."

"வா. வேலைக்குப் போகலையா?"

"பாதியில வந்துட்டேன்." ஸ்டூலை இழுத்துப் போட்டாள். "உங்க டீ எங்கிட்ட வந்துடுச்சு மாமா. மாத்தி எடுத்துட்டாங்க."

அவர் அவளையே பார்த்தார்.

"குடிச்சியா?"

"குடிச்சேன்."

"எப்படி இருந்தது?"

"இனிச்சுது."

அவர் கண்ணை மூடிக்கொண்டார். இமைக்கு அடியில் விழி அசைந்தது.

"உங்களுக்குத் தெரியும்," என்றாள் அவள்.

"கிரேனுக்குக் கீழ நின்ன ஆளுங்க பூராவும் உங்க பக்கம்தான்மா. அவங்களோடயே கிடந்தவன். எதுக்கு எங்க என்ன பேருன்னு எனக்கா தெரியாது?"

"அப்ப ஏன் சொல்லலை?"

பக்கத்துக் கட்டிலில் யாரோ இருமினார்கள். அது அடங்கும் வரை காத்திருந்தார்.

"அவ அந்தப் பழுப்பு டப்பாவைக் கொண்டுபோய்க் கொட்டிட்டு வந்தா. வீரமா வந்தா. இனிமே உங்களுக்கு ஒண்ணும் வராதுன்னா. அப்புறம் டீ போட்டு நீட்டினா. ஒரு மடக்கு குடிச்சதுமே தெரிஞ்சுபோச்சு. சிரிப்புத்தான் வந்தது. நாளைக்குச் சொல்லிக்கலாம்னு இருந்துட்டேன்."

"நாளைக்கு?"

"அடுத்த நாளும் அதான் நெனச்சேன். நல்லா இருந்ததும்மா டீ." குரல் இறங்கியது. "அப்புறம் விரலை எடுத்தாங்க. அதுக்கப்புறம் எப்படிச் சொல்றது? நீதான்டி எடுத்தேன்னா? குடிக்காம விட்டா ஏன்னு கேப்பா. குடிச்சுக்கிட்டே இருந்தேன்."

"வீட்டுல எனக்குத் திருட்டுப் பட்டம் மாமா. உங்க பிள்ளை எங்கிட்டப் பேசறதில்லை."

"தெரியும்."

"தெரிஞ்சுமா?"

அவர் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். அந்தப் பக்கம் ஒன்றுமில்லை. சுண்ணாம்பு உதிர்ந்த ஓர் இடம் மட்டும் இருந்தது.

"அவகிட்ட சொல்லிடாதம்மா," என்றார் சுவரைப் பார்த்தபடி. "சத்தியமெல்லாம் வேண்டாம். சொல்லாம இரு, அது போதும். இந்தக் காலைத் தூக்கிக்கிட்டுப் போயிடுவாங்க. அவ இருக்கணுமே."

அவளுக்கு அவரை உலுக்க வேண்டும் போலிருந்தது. அவர் கையைப் பிடித்துக்கொள்ளவும் வேண்டும் போலிருந்தது. இரண்டும் செய்யவில்லை. தள்ளுவண்டியோடு ஆட்கள் வந்தார்கள். எழுந்து வழிவிட்டாள்.

ஆபரேஷன் தியேட்டர் கதவு மூடிய பிறகு மூவரும் பெஞ்சில் உட்கார்ந்தார்கள். மாமியார் நடுவில்.

கணவன் ஒரு காகிதத்தை மடித்து மடித்துச் சின்னதாக்கிக்கொண்டிருந்தான். திடீரென்று சொன்னான்:

"உனக்கு இப்ப திருப்திதானே?"

யாரைச் சொல்கிறான் என்று யாரும் கேட்கத் தேவையிருக்கவில்லை.

"டேய்," என்றாள் மாமியார்.

"நீ சும்மா இரும்மா. பாவம் பார்த்துக் குடுத்திருக்கா. ஒண்ணுன்னு ஆரம்பிச்சு பாக்கெட் பாக்கெட்டா குடுத்திருக்கா. வாயைத் திறந்து சொல்லேன், இல்லைன்னு."

"இல்லை," என்றாள் மருமகள்.

"அப்ப வேற யாரு?"

சொல்ல ஒரே ஒரு சொல் போதும். அது அவள் நாக்கின் மேல் இருந்தது. மாமியாரின் தோள் அவள் தோளை ஒட்டியிருந்தது. மென்று விழுங்கினாள்.

"பார்த்தியா? பதில் இல்லை."

"விடுடா," என்றாள் மாமியார். "போனது போயாச்சு. அவளுக்கென்ன, அவர் மேல விரோதமா? கேட்டிருப்பார். மனசு கேக்காம குடுத்திருப்பா." மருமகளின் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். "நான் உன்னை ஒண்ணும் சொல்லமாட்டேன். சொன்னா அந்தக் கால் திரும்பி வரப்போகுதா?"

மருமகள் அழுதாள். இருவரும் அதை வேறு மாதிரிப் புரிந்துகொண்டார்கள்.

கணவன் எழுந்து மருந்துக் கடைப் பக்கம் போனான். காகிதம் கீழே கிடந்தது.

கேன்டீன்காரி தள்ளுவண்டியோடு வந்தாள். பருத்த உடம்பு, காதில் பென்சில். எல்லாப் பெஞ்சிலும் நின்று, எல்லார் துக்கத்தையும் ஒரு பார்வையில் கணக்கெடுத்து, டீயை நீட்டிக்கொண்டே வந்தாள்.

"குடிங்கம்மா. உள்ள போனவங்க வர நேரமாகும். வெளிய இருக்கறவங்க விழுந்துட்டா யாரு தூக்கறது?"

மாமியார் காகிதக் கோப்பையை வாங்கிக்கொண்டாள். உள்ளே எட்டிப் பார்த்தாள். பால் டீ. முகம் சுளித்தாள், ஆனாலும் வைத்துக்கொண்டாள்.

"இதுல ஒண்ணும் போடலை. இந்தாங்க, சர்க்கரை." கேன்டீன்காரி ஒரு சின்னப் பொட்டலத்தை எடுத்தாள்.

மருமகள் சட்டென்று கையை நீட்டினாள். "எங்கிட்டக் குடுங்க."

"உங்களுக்கும் தரேன், அவசரப்படாதீங்க."

"எனக்குச் சர்க்கரை வேண்டாம்மா," என்றாள் மாமியார். "எங்க வீட்டுல அதை விட்டாச்சு. சீனி இருந்தா ஒரு கரண்டி குடு."

"அத்தை, எனக்கு மயக்கமா வருது. கொஞ்சம் வெளிய..."

கேன்டீன்காரி சிரித்தாள். "ஆத்துக்கு அந்தப் பக்கமா நீங்க? எங்க வீட்டுக்காரரும் அந்தப் பக்கம்தான். தினம் இதே கூத்து. நீங்க சீனிங்கறதைத்தான் நாங்க சர்க்கரைங்கறோம். ரெண்டும் ஒண்ணுதான், குடிங்க."

பொட்டலத்தை மாமியாரின் கையில் வைத்துவிட்டு வண்டியைத் தள்ளிக்கொண்டு போனாள். சக்கரங்களில் ஒன்று மட்டும் கிறீச்சிட்டது. வராந்தா திரும்பும் வரை கேட்டது.

மாமியார் பொட்டலத்தைக் கிழித்தாள். வெள்ளையாக உள்ளங்கையில் கொட்டியது. அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அந்த டாக்டர் எந்தப் பக்கம்?"

மருமகள் குனிந்து கீழே கிடந்த காகிதத்தை எடுத்தாள்.

"கேக்கறேன்ல."

"இந்தப் பக்கம் அத்தை."

மாமியார் தலையை ஆட்டினாள். வேறு யாரோ சொல்லும் கதையைக் கேட்பது போல மெதுவாக ஆட்டினாள். டீக் கோப்பை அவள் மற்றக் கையில் சாய்ந்து, சேலையில் கொட்டிக்கொண்டிருந்தது. மருமகள் அதை வாங்கிக் கீழே வைத்தாள்.

"காலையில ரெண்டு கரண்டி," என்றாள் மாமியார். "சாயங்காலம் ரெண்டு. விரலை எடுத்துட்டு வந்த அன்னைக்கு, உடம்பு தேறட்டும்னு கூட ஒண்ணு போட்டேன்."

"நான் சரியா சொல்லியிருக்கணும் அத்தை. நம்ம வீட்டு வார்த்தையில சொல்லியிருக்கணும். தப்பு என்மேல."

மாமியாருக்கு அது காதில் விழுந்ததாகத் தெரியவில்லை.

"உனக்குக் காலையிலயே தெரிஞ்சுபோச்சு. அதான் அப்படிப் பார்த்த. அவன் கேட்டப்பவும் சொல்லலை. நான் வேற உன்னை மன்னிச்சேன்." சிரிப்பு போல ஒரு சத்தம் வந்தது. "நான் உன்னை மன்னிச்சேன்!"

"அத்தை..."

"ஒண்ணே ஒண்ணு சொல்லு." மாமியார் திரும்பி அவள் முகத்தைப் பார்த்தாள். "அவருக்குத் தெரியுமா?"

வராந்தாவில் ஒருவர் செருப்பைத் தேய்த்துக்கொண்டு நடந்துபோனார். மருமகள் அவர் போகும் வரை பார்த்துக்கொண்டிருந்தாள். தெரியும் என்றால், கூட வாழ்ந்த மனுஷன் தினம் கை நீட்டி வாங்கிக் குடித்து இவளை இதைச் செய்யவைத்தார் என்றாகும். தெரியாது என்றால் அவர் கேட்டுக்கொண்டதைக் காப்பாற்றியதாகும். அதில் குறைந்த வலி எது என்று பார்த்தாள். அப்படித்தான் நினைத்தாள்.

"தெரியாது அத்தை."

மாமியார் முகத்தில் ஏதோ ஒன்று எதிர்பார்த்துக்கொண்டிருந்தது. அது அணைந்துபோயிற்று.

"அப்ப நான் மட்டும்தான்," என்றாள்.

தவறாகச் சொல்லிவிட்டோம் என்று மருமகளுக்கு அப்போதுதான் உறைத்தது. திருத்த வாயெடுத்தாள். மாமியார் கையைக் காட்டித் தடுத்தாள். கணவன் மருந்துப் பையோடு வந்தான். இருவரையும் பார்த்தான். என்னவென்று கேட்காமல், கொஞ்சம் தள்ளி, வேறு பெஞ்சில் உட்கார்ந்தான்.

வெளியே வெயில் சாய்ந்து வராந்தாவின் பாதி வரை வந்தது. தியேட்டர் கதவு திறந்தது. தள்ளுவண்டியில் மாமனாரைக் கொண்டுபோனார்கள். போர்வை ஒரு பக்கம் பாதம் வரை மேடாக இருந்தது. மறுபக்கம் பாதியிலேயே தட்டையாகிவிட்டது.

மாமியார் பார்க்கவில்லை. உள்ளங்கையை மூடி வைத்திருந்தாள்.

வெகு நேரத்துக்குப் பிறகு ஒரு நர்ஸ் தலையை நீட்டினாள்.

"வீட்டம்மா யாரு? கண்ணு முழிச்சுட்டார். உங்களைத்தான் தேடறார்."

கணவன் எழுந்தான். "வாம்மா."

மாமியார் அசையவில்லை.

"அம்மா, கூப்பிடறாங்க."

மருமகள் அவள் முழங்கையைப் பிடித்தாள். கல்லைப் பிடித்தது போலிருந்தது.

"நீங்க போங்க," என்றாள் மாமியார். "நான் எந்த மூஞ்சியை வச்சுக்கிட்டு அவர் முன்னால போய் நிப்பேன்?"

உள்ளேயிருந்து மாமனாரின் குரல் கேட்டது. மருந்தில் குழறிய குரல். வெளியே இருந்த மூவருக்கும் தெளிவாகவே கேட்டது. மாமியாரைத்தான் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்.